‘எனது மகன்’ என்று தொடங்கிய படிவம்

கணக்கில் நான் மக்காக இருந்திருந்தால் இத்தனை வருடம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பரீட்சையிலும் கணக்கில் நான்தான் முதல். இரண்டாவதாக வந்த பையன் எனக்கு ரொம்பப் பின்னால் இருந்தான். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. பின்னால் ஒரு பெரிய மனிதர், பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது, அது இயற்கை என்று என்னை வைத்துக்கொண்டே என் அப்பாவிடம் சொன்னார். என் மார்க்குப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நெய்வேலியில் நாங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, முட்டி மோதி பர்மனென்ட் ஆகியிருந்தார். அம்மா இன்னும் கான்ட்ராக்டில்தான் இருந்தாள். புதுப் பிளாக்குகளில் வீடு கட்டுகிற இடத்தில் மண்ணும் ஜல்லியும் சுமந்தாள். எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லாத் தெருவுக்கும் நம்பர். எந்த ஜில்லாவிலிருந்து வந்தவர் என்று யாரும் யாரையும் முதலில் கேட்பதில்லை, எந்த ஷிப்ட் என்றுதான் கேட்பார்கள். இங்கே எல்லாரும் சமம் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. பத்தாவது போகும்போது கணக்கு இரண்டாகப் பிரியும். ஒன்று பொதுக் கணக்கு. வட்டி, லாப நஷ்டம், தொட்டியில் தண்ணீர் நிரம்பும் நேரம், இப்படி ஏற்கெனவே போட்டுப் போட்டுச் சலித்த சமாச்சாரம். இன்னொன்று காம்போசிட் கணக்கு. அதில்தான் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் ஆழமாக வரும். காலேஜில் முதல் வருடம் வரும் பி.யூ.சி.யில் கணக்கு குரூப் எடுக்க வேண்டுமென்றால் காம்போசிட் படித்திருக்க வேண்டும். அதை விட்டால் இன்ஜினியரிங் கிடையாது, பி.எஸ்ஸி. கணக்கு கிடையாது. பதினாலு வயதில் அந்த ஒரு கதவைச் சாத்திவிட்டால் போதும், பிறகு யாரும் மெனக்கெட்டு நம்மைத் தடுக்க வேண்டியதே இல்லை.

எனக்கு அது வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு சர்வேயர். எங்கள் தெரு முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் முக்காலி போட்டு, குழாய் மாதிரி ஒரு கருவியில் கண்ணை வைத்து, தூரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை எழுதிக்கொண்டிருந்தார். மேலே ஏறாமல் எப்படி உயரம் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பி ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினார். "இந்தக் கோணமும் இந்தத் தூரமும் தெரிஞ்சா போதும். ஸ்கூல்ல காம்போசிட் எடு, இதுக்கு அடிப்படை அங்கதான் இருக்கு" என்றார். நான் கேட்ட கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொன்ன ஆண் பிள்ளை அந்த வருடம் அவர் ஒருவர்தான். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். நான் சர்வேயர் ஆவேன், இல்லையென்றால் இன்ஜினியர் ஆவேன்.

பரீட்சை முடிந்த வாரம் வகுப்பு வாத்தியார் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். சைக்ளோஸ்டைல் செய்த படிவம். பையன்கள் பக்கம் ஒவ்வொருவனுக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டே போனார். கணக்கில் இருபதைத் தாண்டாதவனுக்கும் கொடுத்தார். கடைசிப் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கொடுத்தார். பெண்கள் பக்கம் வந்ததும் மிச்சக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

நான் எழுந்து நின்று, "எங்களுக்கு, சார்?" என்றேன்.

"பொண்ணுங்களுக்குத் தாள் கெடையாதும்மா. உங்களுக்கெல்லாம் பொதுக் கணக்கும் தையலும். அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"எனக்குக் காம்போசிட் வேணும் சார்."

"ஏன், மைன்ஸ்ல எறங்கி மெஷின் ஓட்டப் போறியா?"

வகுப்பே சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள், அதுதான் அதிகமாகச் சுட்டது. என் அம்மா அந்த நிமிடம் எங்கேயோ வெயிலில் தலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கே போவது யாருக்கும் சிரிப்பாக இல்லை. பெண் மண் சுமக்கலாம், அந்த மண் எத்தனை கன அடி என்று கணக்குப் போட்டால்தான் இவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் புத்தகத்திலிருந்து ஒரு கணக்கை வாசித்துக் காட்டினேன். இரண்டு ஆண்கள் செய்யும் வேலையை மூன்று பெண்கள் அல்லது ஐந்து சிறுவர்கள் செய்வார்கள், அப்படியானால் இத்தனை பெண்கள் எத்தனை நாளில் குளம் வெட்டி முடிப்பார்கள் என்று வரும். இந்த மாதிரி கணக்கை நூறாவது போட்டிருப்பேன், விடையும் சரியாகவே வந்திருக்கும். முதல் வரியே தப்பு என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அம்மா கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டாள். "மூணு பொம்பள சேந்தாதான் ரெண்டு ஆம்பளயா? எந்த எடுபட்டவன் எழுதினான் இத? ஒரு நாளு என்கூட வந்து கூடையத் தூக்கச் சொல்லு. மேஸ்திரி பீடி குடிச்சிகினு குந்தியிருக்கிற நேரத்த எந்தக் கணக்குல சேத்தானாம்?"

நாங்கள் படித்த புத்தகத்தில் பெண் வருகிற இடம் அது ஒன்றுதான். நிலம் வாங்குகிறவர் ஆண், வண்டியில் போகிறவர் ஆண், உயரம் அளக்கிறவர் ஆண். பெண் வந்தால் முக்கால் ஆளாகவோ அரை ஆளாகவோ வருவாள். அதையும் எங்களையே போடச் சொல்லி, சரியாகப் போட்டால் மார்க்கும் கொடுப்பார்கள்.

மறுநாள் ஆபீசில் போய் நின்றேன். கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொல்லை விட்டால் போதும் என்று ஒரு படிவத்தை நீட்டினார். வீட்டுக்கு வந்து படித்தேன். ‘எனது மகன் ............ காம்போசிட் கணக்குப் பாடம் பயில எனக்குச் சம்மதம்’ என்று இருந்தது. கீழே பெற்றோர் கையொப்பம். அதற்கும் கீழே, அடித்தல் திருத்தல் உள்ள படிவங்கள் ஏற்கப்பட மாட்டா.

மகன். எங்களுக்குத் தாள் கிடையாது என்று வாத்தியார் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. ஸ்டென்சில் வெட்டியவனுக்கே எங்களுக்கும் ஒரு தாள் தேவைப்படும் என்று தோன்றியிருக்கவில்லை. நான் ஸ்கேல் வைத்து நேர்க்கோடாக அந்த ‘மகன்’ஐ அடித்தேன். மேலே ‘மகள்’ என்று எழுதினேன். ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அப்பாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கம்பெனி ஆட்களுக்குச் சாயங்காலத்தில் நடந்த முதியோர் வகுப்பில் அவர் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தார். பேனாவை உளி மாதிரி பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவார்.

கிளார்க் தாளைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பிக் கொடுத்தார். "கீழ என்ன போட்டிருக்கு, படிச்சியா? அடிச்சுத் திருத்தினது செல்லாது."

"வேற எப்படி சார் எழுதறது?"

"அது எனக்குத் தெரியாது. வேற தாள் வேணும்னா தரேன்."

தந்தார். அதிலும் மகன்தான் இருந்தான். இவர்களோடு மல்லுக்கட்டி ஆகாது, எழுத்து எப்படியோ போகட்டும், கணக்கு கிடைத்தால் போதும் என்று முடிவு செய்தேன். அந்த ‘மகன்’ஐத் தொடாமல், பக்கத்தில் என் பெயரை எழுதி அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தாளைக் கையில் வாங்கி விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். எ. ன. து. ம. க. ன். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இதுல மவன்னு போட்டிருக்குதே."

"பரவால்லப்பா. எல்லார் தாள்லயும் அப்படித்தான் இருக்குது. போடுங்க."

"அதெப்பிடி? நா பெத்தது பொண்ணு. மவன்னு எழுதியிருக்கிற தாள்ல நா எப்பிடிக் கையெழுத்துப் போடறது?"

அவர் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா வேலை செய்த கேங்கில் ஒருவர், தங்கை மகனுக்கு வைத்தியம் பார்ப்பதற்காக அவனைத் தன் மகன் என்று ஆஸ்பத்திரி கார்டில் எழுதிவைத்திருந்தார். விசாரணை வந்தது, ஆளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். எழுதத் தெரியாத காலத்தில் நடந்திருந்தால் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லியிருப்பார். முதியோர் வகுப்பில் படித்து அவரே போட்ட கையெழுத்து அது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் ‘மகன்’ என்ற சொல்லைக் காகிதத்தில் பார்த்தாலே ஆட்களுக்கு உதறல் எடுத்தது.

"அவன் வூட்டுல சோத்துக்கு வழியில்லாம குந்திகினு இருக்கான். இப்பதான் பர்மனென்ட் ஆயிருக்கேன். பொய்த் தாள்ல நா கை வெக்க மாட்டேன். பெரிய சார நேர்ல பாத்துப் பேசலாம் வா" என்றார்.

மகள் என்று எழுதினால் பள்ளிக்கூடம் ஏற்காது. மகன் என்று விட்டால் அப்பா ஏற்கமாட்டார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "போட்டுத்தான் குடேன், புள்ள படிக்கட்டும். யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்று கத்தினாள். அப்பா அசையவில்லை. அவர் நேர்மையானவர். அந்த நேர்மையை இன்றுவரை என்னால் பாராட்ட முடியவில்லை.

அடுத்த நாள் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். மதிய ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு அப்பா காலையில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தார். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

நான்தான் பேசினேன். இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். "சார், நான் இங்க எட்டாவதுல சேரும்போது குடுத்த படிவத்துலயும் மகன்னுதான் இருந்துச்சு. ஆபீசுல அவங்களே அதை அடிச்சு மகள்னு எழுதி, ஓரத்துல சின்னக் கையெழுத்துப் போட்டாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். இதுலயும் அதே மாதிரி நீங்க போட்டுக் குடுத்தா செல்லும்ல சார்?"

ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வாதம் அது. அவர் தாள்களைப் பார்க்கக்கூட இல்லை.

"தாள் ஒரு பிரச்சினையே இல்லம்மா" என்றார்.

அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தாள் பிரச்சினை இல்லையென்றால், அந்த வாரம் முழுக்க என்னை ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைய வைத்தது எதற்கு?

அவர் அப்பாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நான் அந்த அறையில் இருப்பதையே மறந்துவிட்டார். "பாருங்க, காம்போசிட் நடக்கிற அதே பீரியட்லதான் பொண்ணுங்களுக்குத் தையல். ஒரு பொண்ணுக்காக டைம்டேபிளை மாத்த முடியுமா? நாப்பது பையன்களுக்கு நடுவுல இவ ஒருத்தி உக்காந்தா நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அதுவும் போக, பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஏறாதுங்க, அது இயற்கை. கஷ்டப்பட்டுப் படிச்சு ஃபெயிலாகி நின்னா யாருக்கு அவமானம்?"

"இப்பவும் அதே பையன்களோடதான் சார் ஒரே வகுப்புல உக்காந்திருக்கேன். நான்தான் சார் முதல் மார்க்" என்றேன்.

அவர் சிரித்தார். "பொண்ணு நல்லாப் பேசுது" என்று அப்பாவிடம் சொன்னார். புகழ்கிற மாதிரி வாயை அடைக்கிற வித்தை அது. அப்பாவும் பெருமையாகச் சிரித்தார். பிறகு, கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க பாத்து சொன்னா சரிதானுங்க சார்" என்றார். வீட்டில் ஓர் எழுத்துக்காக அவ்வளவு விறைப்பாக நின்ற மனிதர், இங்கே மொத்தத்தையும் அரை நிமிடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டார்.

தலைமையாசிரியருக்கு அதோடு முடியவில்லை. பெண் ஒருத்தி படிவம் கேட்டு வாங்கியிருக்கிறாள், நாளைக்கு மேலே யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஓர் எழுத்து வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அப்பா பேனா பிடிக்கும் லட்சணத்தைத் தெரிந்துகொண்டவர் போல் என் பக்கம் தள்ளினார். "நீயே எழுதும்மா. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘எனது மகள் காம்போசிட் கணக்குப் பாடம் பயில விரும்பவில்லை. அவளுக்குப் பொதுக் கணக்கே போதுமானது என்பதை முழுமனதுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

நிப்பை உடைத்திருக்கலாம். தாளைக் கிழித்திருக்கலாம். ஓடியாவது போயிருக்கலாம். சொல்வதை எழுதிப் பழகிய கை, எழுதிற்று. ற, ர பிழை இல்லாமல், கோடு கோணாமல், ஓரம் விட்டு எழுதிற்று. எல்லார் மேலும் கோபப்படுகிற எனக்கு, அந்தக் கையின் மேல் இருக்கிற கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

அப்பா தாளை வாங்கி விரல் வைத்தார். எ. ன. து. ம. க. ள். முகம் தெளிந்துவிட்டது. "மவன்னு இல்ல, சரியாத்தான் போட்டிருக்குது" என்றார். மீதியையும் கூட்டிப் படித்தார், நான் பக்கத்தில்தானே நின்றேன். மகன் என்றால் பொய் என்று தெரிந்த மனிதருக்கு, ‘விரும்பவில்லை’ பொய் என்று தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் வழியில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிகினு வர? நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்றார். அதற்குப் பிறகு பல நாள் நான் அவரோடு பேசவில்லை. அம்மா மட்டும் அன்று அவருக்குச் சோறு போட்ட தட்டை டங்கென்று வைத்தாள்.

பத்தாவதில் தையல் வகுப்பு. காஜா எடுப்பது, கொக்கி வைப்பது, சங்கிலித் தையல். பக்கத்து அறையில் காம்போசிட். நடுவில் பாதிச் சுவர்தான், மேலே தட்டி. போர்டில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும், வாத்தியார் கேள்வி கேட்பதும், பையன்கள் தப்புத் தப்பாகச் சொல்வதும் நன்றாகக் கேட்கும். ஒருநாள் அவர் கேட்ட கேள்விக்கு அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. வாய்வரைக்கும் வந்தது. தையல் டீச்சர் என் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தையல் கோணலாக இருக்கிறது, பிரித்துவிட்டு மறுபடி போடு என்றார்.

இதோடு முடிந்திருந்தால், எனக்கு நடந்தது எனக்கு என்று விட்டிருப்பேன்.

அந்த வருடக் கடைசியில், அடுத்த தெருவிலிருந்த ஒரு பெண் பஸ் நிறுத்தத்தில் என்னைத் தேடி வந்தாள். எனக்கு ஒரு வகுப்பு கீழே, அவளும் கணக்கில் முதல். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்கு ஏங்க்கா காம்போசிட் புடிக்கல?"

"யார் சொன்னது புடிக்கலன்னு?"

"நானும் எங்கப்பாவும் காம்போசிட் கேக்கறதுக்குப் போனோம். பெரிய சார் ஃபைல்ல இருந்து உங்க தாளை எடுத்துக் காட்டினாரு. போன வருசம் முதல் மார்க் எடுத்த பொண்ணே வேணாம்னு தன் கையாலயே எழுதிக் குடுத்திருக்கு பாருங்கன்னு சொன்னாரு. எங்கப்பாவும் அதப் பாத்துட்டு, அந்தப் புள்ளையாலயே முடியாதப்ப உன்னால எங்க முடியப் போவுதுன்னுட்டாருங்க்கா."

அங்கேயே நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் வந்தது, போயிற்று. என் குரல் உயர்ந்துகொண்டே போனது, நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதே போய் உனக்கு வேண்டும் என்று சொல், என் தாள் பொய் என்று சொல், நானும் கூட வருகிறேன், வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"நேத்தே எழுதிக் குடுத்துட்டேங்க்கா. உங்க தாளைப் பாத்துதான் எழுதச் சொன்னாங்க."